கலப்பையைத் தடுத்த சக்கிமுக்கிக் கற்கள்

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் புல்வெளிக் குன்றுகள் தப்பிப் பிழைத்த கதை

கல் கிடக்கிற நிலத்துக்கு எந்த ஊரிலும் விலை குறைவுதான். தரிசு, கரடு, மேய்ச்சல் புறம்போக்கு என்று ஏதாவது ஒரு பெயரை வைத்து ஒதுக்கிவிடுவார்கள். அமெரிக்காவின் நடுப்பகுதியில், கான்சாஸ் மாநிலத்தின் கிழக்கே, அப்படி ஒதுக்கப்பட்ட கரட்டு நிலம் ஒன்று வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. ஏர் இறங்காது என்று குடியேறிகள் விட்டுவிட்ட நிலம் அது. ஒரு காலத்தில் அந்த நாட்டின் நடுப்பகுதியில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நின்ற உயரமான புல், இன்று பெரிய பரப்பில் மிஞ்சியிருப்பது அந்தக் கரட்டில்தான். சுற்றியிருந்த நல்ல மண் முழுவதும் உழவுக்குப் போய்விட்டது.

அந்தப் பகுதியின் பெயர் 'பிளின்ட் ஹில்ஸ்'. பிளின்ட் என்பது நம் முன்னோர் இரும்பில் தட்டித் தீ மூட்டிய சக்கிமுக்கிக் கல். 1806-ம் ஆண்டு இந்த வழியாகப் போன செபுலன் பைக் என்ற ராணுவ அதிகாரி, தன் பயணக் குறிப்பில் இந்தக் குன்றுகளை அந்தக் கல்லின் பெயராலேயே குறித்து வைத்தார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கான்சாஸின் வட எல்லைக்கு அருகில் தொடங்கும் குன்றுகள், தெற்கே ஓக்லஹோமா மாநிலம் வரை போகின்றன. மரமில்லாத புல்வெளிகளை அங்கே 'பிரெய்ரி' என்கிறார்கள்.

கடலடிச் சேறு குன்றானது

இந்தக் குன்றுகள் பூமி மடங்கி உயர்ந்தவை அல்ல. எரிமலை கக்கியவையும் அல்ல. சுமார் 29 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே ஆழம் குறைந்த கடல் இருந்தது. அந்தக் கடல் பலமுறை முன்னேறியது, பலமுறை பின்வாங்கியது. தண்ணீர் தெளிந்து நின்ற காலங்களில் கடல் உயிரிகளின் ஓடுகள் அடியில் படிந்து சுண்ணாம்புக்கல் ஆயின. ஆறுகள் சேற்றைக் கொண்டுவந்து கொட்டிய காலங்களில் அந்தச் சேறு படிந்து, இறுகி, 'ஷேல்' எனப்படும் மெல்லிய தகடு தகடான களிப்பாறை ஆனது. ஒரு அடுக்கு சுண்ணாம்புக்கல், ஒரு அடுக்கு களிப்பாறை என்று மாறி மாறி அடுக்கி வைத்ததுபோல் இருக்கும்.

இன்றும் சாலை வெட்டிய இடங்களில் அந்த அடுக்குகளைப் பார்க்கலாம். கல்லை உற்றுப் பார்த்தால் கிளிஞ்சல்களின் அச்சு தெரியும். சில அடுக்குகளில் கோதுமை மணி அளவிலும் வடிவிலும் சின்னச் சின்ன ஓடுகள் நிறைந்திருக்கும். அவை ஃபியூசுலினிட் என்ற ஒரு செல் கடல் உயிரியின் ஓடுகள். கடலை விட்டு வெகுதூரம் உள்ள நிலத்தில் கடல் உயிரியா என்று வியக்க வேண்டியதில்லை. நம் அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் கடல் கிளிஞ்சல் படிவங்கள் கிடைக்கின்றன. காலம் வேறு, காரணம் ஒன்றுதான்.

சக்கிமுக்கிக் கல் வந்தது சுண்ணாம்புக்கல்லின் உள்ளேதான். கடல் பஞ்சு போன்ற உயிரிகளின் உடலில் மணல்சத்தான சிலிக்கா உண்டு. அது கரைந்து, சுண்ணாம்புச் சேற்றுக்குள் கட்டி கட்டியாகவும் பட்டை பட்டையாகவும் மறுபடி உறைந்தது. ரெஃபர்டு, ஃபிளாரன்ஸ் என்று பெயரிடப்பட்ட சுண்ணாம்புக்கல் அடுக்குகளில் இந்தக் கல் மிகுதி. அங்கு வாழ்ந்த பழங்குடி மக்கள் அம்பு முனையும் கத்தியும் செய்தது இதை உடைத்துத்தான்.

படிக்கட்டு போன்ற சரிவுகள்

கடல் போய், நிலம் உயர்ந்த பிறகு மழையும் ஓடைகளும் வேலையைத் தொடங்கின. களிப்பாறை மென்மையானது, சீக்கிரம் கரைந்து சரிவாகிவிடும். சக்கிமுக்கிக் கல் பொதிந்த சுண்ணாம்புக்கல் சுலபத்தில் கரையாது. விளிம்பாக நீட்டிக்கொண்டு நிற்கும். அதனால் தூரத்திலிருந்து பார்த்தால் குன்றுகள் யாரோ படி வெட்டி வைத்ததுபோல் தெரியும். சரிவு, ஒரு தட்டையான படி, மறுபடி சரிவு, மறுபடி ஒரு படி. குன்றின் உச்சியும் கூர்மையாக இராமல் மேசைபோல் தட்டையாகவே இருக்கும். பள்ளத்துக்கும் உச்சிக்கும் சில நூறு அடிதான் வித்தியாசம்.

விவசாயிக்கு முக்கியமான சங்கதி அந்த உச்சியில் இருக்கிறது. மழைநீரில் சுண்ணாம்புக்கல் மெல்ல மெல்லக் கரைந்து போகும். சிலிக்கா கரையாது. ஆகவே சுண்ணாம்பு போன இடத்தில் களிமண்ணும், உடைந்த சக்கிமுக்கிக் கற்களும் மிஞ்சி நிற்கின்றன. பல இடங்களில் மண்கண்டம் சில அங்குலம்தான். அதற்குக் கீழே கல். அந்தச் சில அங்குல மண்ணிலும் பாதி கல். கொழு இறக்கினால் கொழு முறியும்.

தண்ணீரின் போக்கும் இந்த அடுக்குகளை ஒட்டியே இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகள் அதிகம். மழைநீர் அதன் வழியே கீழே இறங்கும். அடியிலுள்ள களிப்பாறை நீரை உள்ளே விடாது. வழியில்லாத நீர் பக்கவாட்டில் நகர்ந்து, இரண்டும் சேரும் இடத்தில் ஊற்றாகக் கசியும். சரிவில் ஒரே மட்டத்தில் புதர்கள் வரிசை கட்டி நிற்கும் இடங்களைப் பார்த்தாலே அங்கே நீர்க்கசிவு உண்டு என்று அந்த ஊர்க்காரர்கள் கண்டுகொள்வார்கள். அந்த ஊற்றுகளை நம்பித்தான் கால்நடைக் குட்டைகள் இருக்கின்றன.

மேலிருந்து அடித்து வந்த மண் பள்ளத்தாக்குகளில் ஆழமாகப் படிந்திருக்கிறது. அங்கே கோதுமை, மக்காச்சோளம், சோயா, சோளம் எல்லாம் விளைகின்றன. பள்ளத்தில் வயல், மேட்டில் மேய்ச்சல் என்பதுதான் அந்தப் பகுதியின் பண்ணை அமைப்பு. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. கல்லே பிரித்துக் கொடுத்துவிட்டது.

உழுத நிலமும் உழாத நிலமும்

உயர்புல் பிரெய்ரி ஒரு காலத்தில் வட அமெரிக்காவில் சுமார் 17 கோடி ஏக்கரில் இருந்தது. 1837-ல் இல்லினாய் மாநிலத்தில் ஜான் டீர் எஃகுக் கலப்பை செய்தார். அதுவரை ஒட்டிக்கொண்டு வராத கருமண்ணைப் புரட்டிப் போட அந்தக் கலப்பையால் முடிந்தது. 1862-ல் வந்த குடியேற்றச் சட்டம், நிலத்தில் தங்கிப் பயிர்செய்யும் குடும்பத்துக்கு 160 ஏக்கர் வரை கொடுத்தது. ஒரு நூற்றாண்டுக்குள் பிரெய்ரியின் பெரும்பகுதி வயலாகிவிட்டது. இன்று மிஞ்சியிருப்பது பழைய பரப்பில் 4 சதவீதத்துக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி பிளின்ட் ஹில்ஸில் இருக்கிறது. அயோவா மாநிலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அந்த வயல்கள் கோடிக்கணக்கானவர்களுக்குச் சோறு போடுகின்றன என்பதை மறுக்க முடியாது. ஆனால் கொடுத்த விலையும் சிறிதல்ல. 2021-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, அமெரிக்க மக்காச்சோளப் பகுதியின் சாகுபடி நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் கருமையான மேல்மண் முற்றிலும் போய்விட்டதாகக் கணக்கிட்டது. மேடான இடங்களில்தான் இழப்பு அதிகம். புல்வேர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த மண் அது.

பிளின்ட் ஹில்ஸிலும் உழுது பார்த்தவர்கள் உண்டு. கல் விடவில்லை. அவர்கள் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிட்டார்கள். மேடு மாடுகளுக்கு என்று ஆனது. ரயில் வந்த பிறகு, டெக்சாஸிலிருந்து மெலிந்த மாடுகளைக் கொண்டுவந்து கோடையில் மேய்த்துக் கொழுக்கவைத்து அனுப்பும் தொழில் வளர்ந்தது. இன்றும் அதுதான் பிரதானத் தொழில்.

இந்த நிலத்தின் முதல் மேய்ப்பர்களையும் மறக்கக் கூடாது. கா, ஓசேஜ் பழங்குடி மக்கள் காட்டெருமைகளைத் தொடர்ந்து வாழ்ந்த வெளி இது. கான்சாஸ் என்ற பெயரே கா மக்களின் பெயரிலிருந்து வந்தது. அந்த மக்கள் 1873-ல் இங்கிருந்து தெற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டார்கள். பெயர் மட்டும் தங்கிவிட்டது.

கல் இடைஞ்சலாக மட்டும் இருக்கவில்லை. மரம் குறைந்த நாட்டில் வீட்டுக்கும் தொழுவத்துக்கும் வேலிக்கும் கல்தான் கிடைத்தது. 1867-ல் கான்சாஸ் அரசு, நாலரை அடி உயரக் கல்வேலி கட்டிப் பராமரிக்கும் நில உரிமையாளருக்கு 16.5 அடி நீளத்துக்கு 40 சென்ட் வீதம் கொடுக்கச் சட்டம் செய்தது. சாந்து இல்லாமல் கல்லின் மேல் கல் அடுக்கிய அந்த வேலிகள் பல இடங்களில் இன்னும் நிற்கின்றன. காட்டன்வுட் ஃபால்ஸ் என்ற சிற்றூரில் 1873-ல் கட்டி முடித்த சுண்ணாம்புக்கல் நீதிமன்றக் கட்டடம் இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

புல்லின் பலம் மண்ணுக்குள்ளே

இந்த வெளியில் நான்கு புற்கள் முக்கியமானவை. பெரிய நீலத்தண்டுப் புல், சிறிய நீலத்தண்டுப் புல், இந்தியன் புல், ஸ்விட்ச் புல். நல்ல மழை ஆண்டில் பெரிய நீலத்தண்டுப் புல் பள்ளமான இடங்களில் ஆள் உயரத்தைத் தாண்டும். இவை நமக்கு முற்றிலும் அந்நியமானவை அல்ல. முதல் மூன்றும் சோளம், கரும்பு, மக்காச்சோளம் சேர்ந்த அதே புல் கூட்டத்தைச் சேர்ந்தவை. ஸ்விட்ச் புல், நம் சாமைக்கும் பனிவரகுக்கும் நெருங்கிய உறவு. மூன்றும் பேனிக்கம் என்ற ஒரே பேரினம்.

இவை பல்லாண்டுப் புற்கள். செடியின் எடையில் பாதிக்கு மேல் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. ஆழமான மண்ணில் வேர் 6 முதல் 10 அடி வரை போகும். கல்நிலத்தில் பாறை வெடிப்புகளுக்குள் புகுந்து ஈரத்தைத் தேடும். ஒவ்வோர் ஆண்டும் வேரின் ஒரு பகுதி செத்து மக்கி, அந்த இடத்தில் புதிய வேர் வரும். மண்ணைக் கருமையாக்கியது இந்த வேர்களே.

புல்லின் வளர்முனை தரைமட்டத்துக்கும் கீழே இருப்பதால் மாடு மேய்ந்தாலும், தீ பட்டாலும், குளிரில் காய்ந்தாலும் மறுபடி துளிர்க்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பனிக்காலம் வருமுன் வேருக்கு உணவு சேர்த்துக்கொள்ள இலை வேண்டும். கோடை முடியும்வரை இலையை விடாமல் மேய்த்துவிட்டால், அடுத்த ஆண்டு அதே வேர் பலவீனமாகத்தான் முளைக்கும்.

இரண்டு வகை மேய்ச்சல் கணக்கு

பழைய முறையில் ஓர் இளங்காளைக்குச் சுமார் 4 ஏக்கர் ஒதுக்கி, மே மாதம் முதல் அக்டோபர் வரை மேய்ப்பார்கள். இந்தப் புல்லில் புரதச்சத்து மேய்ச்சல் பருவத்தின் தொடக்கத்தில் அதிகம். ஜூலை பாதிக்கு மேல் தண்டு முற்றிச் சத்து குறைந்துவிடும். அப்போது மாடு வயிறு நிறையத் தின்றாலும் எடை ஏறாது.

இதைக் கவனித்து, கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறொரு முறையைச் சோதித்தார்கள். ஓர் இளங்காளைக்கு 2 ஏக்கர் என்று அடர்த்தியை இரட்டிப்பாக்கி, மே தொடக்கம் முதல் ஜூலை பாதி வரை மட்டும் மேய்ப்பது. பிறகு எல்லா மாடுகளையும் வெளியேற்றிவிடுவது. மாடு நல்ல புல்லைத் தின்கிறது. மீதிக் கோடை முழுவதும் புல்லுக்கு ஓய்வு. வேர் உணவைச் சேர்த்துக்கொள்கிறது. ஏக்கருக்குக் கிடைக்கும் இறைச்சி எடையும் கூடியது. 'முன்பருவச் செறிவு மேய்ச்சல்' என்று சொல்லத்தக்க இந்த முறை அங்கே பரவலாகப் பின்பற்றப்படுகிறது.

எத்தனை மாடு என்ற கேள்விக்குச் சமமாக, எந்த மாதம் வரை என்ற கேள்வியும் முக்கியம் என்பதே இதன் பாடம்.

தீயும் புகையும்

ஏப்ரல் மாதத்தில் பிளின்ட் ஹில்ஸ் கறுத்துக் கிடக்கும். மேய்ச்சல்காரர்கள் அக்கம்பக்கத்தாருடன் பேசிவைத்துக்கொண்டு, காற்றும் ஈரமும் பார்த்து, பழைய காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பார்கள். பழங்குடி மக்கள் காலத்திலிருந்தே இது உண்டு. மூடிக் கிடந்த சருகு எரிந்தால் வெயில் நேரே மண்ணில் படும். கறுத்த மண் சீக்கிரம் சூடேறும். புல் முன்கூட்டியே துளிர்க்கும். வசந்தகாலக் கடைசியில் எரித்த நிலத்தில் மேய்ந்த இளங்காளைகள் சுமார் 10 சதவீதம் கூடுதல் எடை பிடிப்பதாக அங்கே கண்டிருக்கிறார்கள்.

தீ இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கண்கூடாகப் பார்த்திருக்கிறார்கள். மன்ஹாட்டன் என்ற ஊருக்கு அருகே கான்சா பிரெய்ரி ஆய்வு நிலையம் இருக்கிறது. பரப்பு சுமார் 8,600 ஏக்கர். 1971-ல் தொடங்கியது. நிலத்தை நீர்ப்பிடிப்புப் பகுதிகளாகப் பிரித்து, சிலவற்றை ஆண்டுதோறும், சிலவற்றை 2 ஆண்டுக்கு ஒருமுறை, சிலவற்றை 4 ஆண்டுக்கு ஒருமுறை, சிலவற்றை 20 ஆண்டுக்கு ஒருமுறை எரித்து ஒப்பிட்டு வருகிறார்கள். தீக்கு இடையிலான காலம் 3 ஆண்டைத் தாண்டினால் புதர்கள் ஏறத் தொடங்குகின்றன. பல பத்தாண்டுகள் விட்டால் புல்வெளி மரக்காடாகிறது. புதர் நன்றாக வேரூன்றிய பிறகு மறுபடி தீ வைத்தாலும் புல் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

ஆனால் எல்லாரும் ஒரே சில வாரங்களில் எரிப்பதால் சிக்கல் வருகிறது. சில ஆண்டுகளில் எரியும் பரப்பு 20 லட்சம் ஏக்கரைத் தாண்டுகிறது. புகை கான்சாஸ் சிட்டி, விச்சிட்டா போன்ற நகரங்களின் காற்றைக் கெடுக்கிறது. மேய்ச்சல்காரருக்குப் புல் போனால் பிழைப்பு போயிற்று. நகரத்தில் ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு அந்த வாரங்கள் மூச்சுத் திணறல். 2010-ல் இரு தரப்பையும் வைத்து மாநிலம் ஒரு புகை மேலாண்மைத் திட்டம் வகுத்தது. காற்று எந்தப் பக்கம் போகிறது, அன்று எரித்தால் புகை எங்கே போய்ச் சேரும் என்று பார்த்துத் தீ வைக்க வழி சொல்லப்படுகிறது.

இன்னொரு வழியும் இருக்கிறது. நிலத்தை மூன்றாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பங்கை மட்டும் எரிப்பது. புதிதாக எரிந்த பங்கில் இளம்புல் இருப்பதால் மாடுகள் தாமாகவே அங்கே போகும். மற்ற இரண்டு பங்குக்கும் ஓய்வு கிடைக்கும். தரையில் கூடு கட்டும் பிரெய்ரிக் கோழிக்கு மறைவான உயரப் புல்லும் மிஞ்சும். ஆண்டுதோறும் முழுவதையும் எரித்தால் அந்தப் பறவைக்குக் கூடு வைக்க இடமே இல்லை.

கலப்பை போய், வேறு எதிரி

கலப்பையைக் கல் தடுத்தது. விதையைக் கல் தடுக்காது. தீ நின்ற இடங்களில் ஈஸ்டர்ன் ரெட் சீடார் என்ற ஊசியிலை மரம் வேகமாகப் பரவுகிறது. சிறியதாக இருக்கும்போது ஒரு தீயில் செத்துவிடும். வெட்டினாலும் மறுபடி துளிர்க்காது. வளரவிட்டால் அடியில் புல் முளைக்காது.

அதைவிடப் பிடிவாதமானது செரிசியா லெஸ்பெடீசா. கிழக்கு ஆசியாவிலிருந்து தீவனத்துக்காகவும் மண் அரிப்பைத் தடுக்கவும் கொண்டுவரப்பட்ட பயறுவகைச் செடி. முற்றிய செடியில் துவர்ப்பு அதிகம்; மாடு ஒதுக்கிவிடும். ஒரு செடி ஏராளமான விதை போடும். நல்ல எண்ணத்தில் கொண்டுவந்து, இன்று கான்சாஸ் சட்டப்படி ஒழிக்க வேண்டிய களைப் பட்டியலில் அது இருக்கிறது. நம் ஊர்ச் சீமைக்கருவேலத்தின் கதையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. 1996-ல் சேஸ் கவுண்டியில் ஏறக்குறைய 10,900 ஏக்கரில் உயர்புல் பிரெய்ரி தேசியக் காப்பகம் அமைந்தது. 2009-ல் அங்கே அமெரிக்கக் காட்டெருமைகள் மறுபடி விடப்பட்டன. கான்சா நிலையத்தில் அதற்கும் முன்பே, 1987-லேயே விட்டிருந்தார்கள். சுமார் 30 ஆண்டுக் கணக்கை 2022-ல் வெளியிட்டார்கள். எந்த விலங்கும் மேயாத நிலத்தைவிடக் காட்டெருமை மேய்ந்த நிலத்தில் நாட்டுச் செடிவகைகள் இரு மடங்கு இருந்தன. பசுமாடு மேய்ந்த நிலத்திலும் கூடியது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. மேய்ச்சல் புல்வெளியை அழிக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. அளவும் காலமும் ஓய்வும்தான் தீர்மானிக்கின்றன.

விவசாயிகள் கேட்கக்கூடிய கேள்விகள்

கேள்வி: மேய்ச்சல் நிலத்துக்குத் தீ வைத்தால் நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. அங்குள்ள புல்லின் வளர்முனை மண்ணுக்குள் இருக்கிறது. தீயோடு பழகிய புல் அது. நாள் பார்த்து, பயிற்சி பெற்ற ஆட்கள் சேர்ந்து செய்கிறார்கள். நம் ஊரில் காட்டோரத்தில் தீ வைப்பது சட்டப்படி குற்றம். மரக்கன்று, பறவை, பக்கத்துக் கொல்லை எல்லாம் சேர்ந்து எரியும். அறுவடைத் தாளை எரிப்பதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தாளை மட்கவிடுவதே மண்ணுக்கு நல்லது.

கேள்வி: கிடக்கிற கல் சுண்ணாம்புக்கல்லா, சக்கிமுக்கிக் கல்லா என்று எப்படி அறிவது?

இரும்புக் கத்தியால் கீறிப் பாருங்கள். சுண்ணாம்புக்கல்லில் கோடு விழும். சக்கிமுக்கிக் கல்லில் விழாது, கத்திதான் தேயும். கீறியெடுத்த பொடியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட்டால், சுண்ணாம்பு நுரைக்கும். சுக்கான் கல்லும் இப்படியே நுரைக்கும். நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு மிகுதி என்று அறிந்து, மண் பரிசோதனை செய்தபிறகு உரம் இடுங்கள்.

கேள்வி: சரளைக் கரட்டில் என்ன செய்வது?

முதலில் மண்கண்டத்தை நாலைந்து இடத்தில் குழி எடுத்துப் பாருங்கள். ஒரு முழத்துக்குள் பாறை வந்தால் உழவுச் செலவு பெரும்பாலும் திரும்பி வராது. சரிவான இடமாக இருந்தால் உழுத மண் முதல் பெருமழையிலேயே ஓடையில் போய்விடும். அந்த நிலத்தைக் கொழுக்கட்டைப் புல் போன்ற பல்லாண்டுப் புல்லுக்கு விட்டு, பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஆடுமாடு மேயும்போது மற்றதற்கு ஓய்வு கொடுங்கள். விதை முற்றி உதிரும் காலத்தில் ஒரு பகுதியையாவது மேய்க்காமல் விடுங்கள். சரிவின் அடியில் ஈரம் கசியும் இடம் இருக்கிறதா என்று மழைக்குப் பிறகு சுற்றிப் பாருங்கள். குட்டை வெட்ட அதுவே ஏற்ற இடமாக இருக்கலாம்.